கைதட்டி அனுப்பியவர்கள் கேட்க மறுத்தது!

யுத்தப் படம் என்றாலே, 'நமக்கெதுக்கு அந்த அடிதடி? ஆம்பளைங்க பார்க்கட்டும்' என்று எழுந்து போய் விடுகிறோம். ஆனால், பிள்ளை பெற்றவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய யுத்தப் படம் ஒன்று உண்டு. 1930ல், ஹாலிவுட்டில் லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கிய, 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் பிரன்ட்' தான் அது. முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்த ஜெர்மானியர் ரிமார்க் எழுதிய நாவல்தான் கதை. சிறந்த படம், சிறந்த இயக்குனருக்கான ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது.

வாத்தியார் ஒருவர் வீராவேசமாகப் பேச, வகுப்புப் பையன்கள் மொத்தப் பேரும் குதூகலமாகப் பட்டாளத்தில் சேருகின்றனர். போன இடத்திலோ பசி, எலி, ஓயாத குண்டுச் சத்தம். கால் போய் சாகக் கிடப்பவனின் பூட்ஸ் மீது நண்பனுக்குக் கண். அதை வாங்கிப் போட்டவர்களும் அடுத்தடுத்து சாகின்றனர்.

கதாநாயகன் பால், லீவில் ஊருக்கு வருகிறான். ஊர்ப் பெரிய மனிதர்கள் பீர் குடித்தபடி, மேப்பை விரித்து, பாரிசைப் பிடிக்க அவனுக்கே யோசனை சொல்கின்றனர்! வாத்தியார், வகுப்பில் பேசச் சொல்கிறார். அவன் உள்ளதைச் சொன்னதும், பையன்கள், 'கோழை' என்கின்றனர். நோயாளி அம்மா மட்டும் வீரம் எதுவும் பேசாமல், மகனுக்குக் குளிருமே என்று கம்பளி உள்ளாடை வாங்கி வைத்திருக்கிறாள். அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

'இப்படிப் படம் எடுத்தால் ராணுவத்துக்கு யார் போவாங்க?' என்று சிலர் கேட்கலாம். சிப்பாயை இந்தப் படம் கேவலப்படுத்தவில்லை; வீட்டில் சவுக்கியமாக உட்கார்ந்து, ஊரார் பிள்ளையை உசுப்பி விடுபவர்களைத்தான் கேட்கிறது. 1930 டிசம்பரில், பெர்லின் தியேட்டரில் நாஜிகள் வெள்ளெலிகளை விட்டு, நாற்ற குண்டு வீசிக் கலாட்டா செய்ததும், சில நாட்களில் படத்துக்குத் தடை வந்ததும் அதனால்தானே! உண்மையைக் கேட்க மறுத்த அந்த நாடு, 1939ல் மறுபடியும் தன் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பியது.

போய் வந்தவன் பேசினால், காது கொடுத்துக் கேட்கணும். வீட்டில் பிள்ளைகள் துப்பாக்கிப் படம் பார்த்து விசில் அடிக்கும்போது, 'செத்து விழுந்தவனுக்கும் ஒரு அம்மா இருப்பாளே' என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வாத்தியார் சொல்லாததை, நாமாவது சொல்வோமே சகோதரிகளே!

— ஒரு வாசகி, தஞ்சாவூர்.