வாலாட்டியின் இலக்கணம்

தென்கால் கண்மாய்க் கரையில் இன்றைக்கும் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. பார்க்கிற பிள்ளைகள் 'கிங்ஃபிஷர்' என்கிறார்கள், பெற்றோரும் அப்படியே. பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஒரு முழு வாக்கியமே இருக்கிறது என்பேன்.

வாலை ஆட்டுவது வாலாட்டி. மீனைக் கொத்துவது மீன்கொத்தி. ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆட்காட்டி. 'ஐ' உருபு மறைந்து நிற்கிறது. கடைசியில் ஓர் 'இ' சேர்ந்து வினையைப் பெயராக்கிவிடுகிறது. புணர்ச்சி விதியும் இதற்குள்ளேயே இருக்கிறது. மரம், கொத்தியோடு சேர்ந்து மரங்கொத்தி ஆகிறது. ஆள், காட்டியோடு சேர்ந்து ஆட்காட்டி ஆகிறது. நாட்காட்டியும் அதே விதிதான்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் வாலாட்டிக்கு 'ஓஷ்கெ' என்றும் ஒரு பெயர் உண்டு. 'ஓஷ்' என்றால் ஆட்டு, 'கெ' என்றால் வால். பொருள் அதேதான், வரிசை மட்டும் தலைகீழ். அவர்கள் பேச்சில் வினை முன்னே வரும், நம் பேச்சில் பின்னே வரும். இத்தனூண்டு குருவியின் பெயரில்கூட அந்தந்த மொழி தன் நடையை விடவில்லை.

இந்த அச்சு பறவைகளோடு நின்றுவிடவும் இல்லை. வானத்தைச் சுரண்டுவது என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர்கள் அடுக்குமாடிக் கட்டடத்தை 'கிராத்சியேல்' என்றார்கள். நாம் ஒலியைப் பெருக்குவதை ஒலிபெருக்கி என்றோம். வாலாட்டியை வார்த்த அதே அச்சுதான். புதுப்பொருளுக்குத் தமிழில் பெயர் இல்லை என்று குறைப்படுபவர்கள், அச்சைக் கையில் வைத்துக்கொண்டே தேடுகிறார்கள்.

வகை பிரித்துச் சொல்ல ஆங்கிலம்தான் வசதி என்பார்கள். அதுவும் சரியல்ல. வெண்மார்பு மீன்கொத்தி என்று முன்னால் ஓர் அடை சேர்த்தால் போதும். உலகத்துக்கெல்லாம் பொதுவாக லத்தீன் பெயர் இருக்கவே இருக்கிறது.

பள்ளியில் மரங்கொத்தியைக் 'காரணச் சிறப்புப்பெயர்' என்று எழுதவைத்து இரண்டு மதிப்பெண் போடுகிறார்கள். அந்த வகுப்பை ஒருநாள் கண்மாய்க் கரையில் நடத்தினால் என்ன? வேற்றுமைத்தொகையும் புணர்ச்சியும் அங்கே வாலை ஆட்டிக்கொண்டு நடக்கின்றன. ஆசிரியருக்கு நேரமில்லை என்றால் தாத்தா பாட்டிகள் போகலாம். நமக்கு நேரம் நிறையவே இருக்கிறது.