பால் வேண்டாம், நெய் வேண்டாம்... ஏற்காட்டில் என்ன சாப்பிடுவது?

தனியாக ஊர் சுற்றும் பெண்ணிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "தனியாவா வந்தீங்க?" பால் சாப்பிடாதவரிடம் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ காபி?" இந்த இரண்டுமாக இருக்கும் என்னைப் போன்றவர்கள் ஓட்டலில் போய் உட்கார்ந்தால், இலை போடுவதற்கு முன்பே ஒரு சின்ன இன்டர்வியூ முடிந்துவிடும்.

அசைவத்தோடு பால், தயிர், நெய்யையும் விட்டு மூன்று வருடமாகிறது. வீட்டில் இது பெரிய விஷயமே இல்லை. நல்லெண்ணெயும் தேங்காய்ப்பாலும் பருப்பும் இருக்கிற சமையலறையில் என்ன கஷ்டம்? சிக்கல் வெளியூரில்தான். நம் ஊரில் 'சைவம்' என்றாலே பாலும் சேர்த்திதான். பொங்கலில் நெய், ரோஸ்ட்டின் மேல் நெய், கேட்காமலே வந்து உட்காரும் தயிர்க் கிண்ணம். 'வீகன்' என்று சொன்னால், "விரதமாம்மா?" என்று கேட்பார்கள். விரதத்துக்குப் பால் ஆகும், எனக்கு ஆகாதே! அதனால் இப்போதெல்லாம் ஒரே வாக்கியம்தான்: "பால், தயிர், நெய், வெண்ணெய் வேண்டாம்ணே, எண்ணெய் ஊத்திக்கலாம்." இது எல்லோருக்கும் புரிகிறது.

குடும்பத்தோடு போனால் யாராவது ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து ஆர்டர் சொல்லிவிடுவார். தனியாகப் போனால் நாமேதான் கேட்க வேண்டும். இதில் என்ன போட்டிருக்கிறீர்கள், இது எங்கே விளைந்தது, யார் செய்தது? அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் சேர்வராயன் மலையின் சாப்பாடு எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

மலையேறும் முன் சேலத்திலேயே தொடங்கிவிடலாம். மாலை நேரத் தள்ளுவண்டியில் கிடைக்கும் தட்டுவடை செட்டை யோசித்துப் பாருங்கள். இரண்டு தட்டுவடை, நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், கூடவே காரச் சட்னியும் பச்சைச் சட்னியும். பால் சமாசாரம் எதுவும் இல்லை. யாரும் இதை 'வீகன்' என்று பலகை எழுதி விற்கவில்லை, அவ்வளவுதான்.

அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. வழியெல்லாம் குரங்குகள் இருக்கின்றன. பழப்பையைக் கையில் தொங்கவிடாமல் உள்ளே வைத்துவிடுங்கள்.

இது காபி மலை. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் 1820-களில் இங்கே காபி பயிரிட வழிசெய்தார். இன்றும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காபிச் செடி, அந்த மரங்களின் மேல் மிளகுக் கொடி என்று தோட்டங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் "அப்போ காபி?" என்ற கேள்விக்குச் சுலபமான பதில், வரக்காப்பி. மலையில் விளையும் அராபிகாவில் லேசான புளிப்பு ஒன்று உண்டு. பால் ஊற்றினால் அது தெரியாது. சிக்கரி கலக்காத தூளில், கொஞ்சம் வெல்லம் போட்டு ஒரு முறை குடித்துப் பாருங்கள். பால் குடிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்தது சூப். ரோட்டோரக் கடைகளில் ரோமம் படர்ந்த பழுப்பு நிறக் கிழங்கைக் குவித்து வைத்திருப்பார்கள். முடவாட்டுக்கால். பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். தோலைச் சீவி, நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால், குளிருக்கு இதமான சூப். மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். சூப்பாகக் குடியுங்கள், அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இந்தச் சூப்பில் என்னை யோசிக்க வைத்த விஷயம் வேறு. முடவாட்டுக்கால் வயலில் விதைத்து அறுக்கும் பயிர் இல்லை. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணி. நாம் கிழங்கு என்று சொல்வது அதன் தண்டு. அதை முழுதாகப் பெயர்த்து எடுத்துவிட்டால் அந்த இடத்தில் செடியே இல்லை. இலை தழை சாப்பிட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று என்னைப் போன்றவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், வருகிற ஒவ்வொரு காரும் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு இறங்கினால் மலை தாங்குமா? ஒரு டம்ளர் சூப் அங்கேயே குடிப்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, அப்படியானால் எதைத்தான் வாங்கி வருவது? சாமையை வாங்கி வரலாம்.

இந்த மலையின் பழைய குடிகள் மலையாளிகள். கேரளத்து மலையாளிகள் இல்லை. மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் அந்தப் பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனால் சுற்று கிராமத்து மக்களை அங்கே பார்க்கலாம். சாமை, தினை, கேழ்வரகு, கீரை, பருப்பு எல்லாம் இவர்களுக்குப் பழகிய சாப்பாடு. அசைவமும் உண்டு, ஆனால், அன்றாடத் தட்டில் இருந்தது பெரும்பாலும் மண்ணில் விளைந்ததுதான்.

ஒரு டீக்கடை அம்மாவிடம், "இங்கே சாமைச்சோறு எங்கம்மா கிடைக்கும்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "அதை ஏன் கண்ணு தேடுற? எங்க காலத்துல நெல்லுச்சோறு தீவாளிக்குத்தான். சாமையை இடிச்சு இடிச்சுக் கையெல்லாம் காப்புக் காச்சிப்போச்சு. இப்பத்தான் ரேஷன் அரிசி இருக்குதே" என்றார்.

எனக்கு அது விருப்பம். அவருக்கு அது வேறு வழியில்லாத காலத்தின் ஞாபகம். நான் ஆசையாகத் தேடிப் போகும் சாப்பாட்டிலிருந்து தப்பித்து வந்தவர் அவர். 'பாரம்பரிய உணவு' என்று புகழும்போது, அதை உரலில் இடித்த கைகள் யாருடையவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

பக்கத்து மாவட்டமான நாமக்கல்லின் கொல்லிமலையிலும் இதே கதைதான். ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி கையில் காசு தந்தது. சாமை பின்னால் போனது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே 1990-களிலிருந்து சிறுதானியங்களைக் காக்கும் வேலையில் இறங்கியபோது, விதையோடு அரவை இயந்திரத்தையும் கிராமங்களுக்குக் கொண்டு போனது. உமி நீக்கும் பாடு குறைந்தால்தானே பெண்கள் மறுபடி சாமையைத் தொடுவார்கள்? இந்தியா முன்மொழிந்து, 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நல்லதுதான். ஆனால், மலையில் சாமை நிற்பதும் போவதும், விளைவிப்பவருக்குக் கட்டுப்படியாகும் விலையில்தான் இருக்கிறது.

அதனால் என் வழக்கம் இது: மலையில் விளைந்த சாமையோ கேழ்வரகோ கண்ணில் பட்டால், பேரம் பேசாமல் ஒரு கிலோ வாங்குவேன்.

தனியாகக் கிளம்ப நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பெரிய சாப்பாட்டை மதியமே முடித்துவிடுங்கள். பனி இறங்கிய பிறகு ஓட்டல் தேடி அலைய வேண்டாம். பொரி, வறுகடலை, கடலை உருண்டை பையில் இருக்கட்டும். தங்கும் இடத்தை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். பாலையும் விடுகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வைட்டமின் பி12. தாவர உணவில் அது போதுமான அளவு கிடைக்காது. டாக்டரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள் என்றால் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

வாங்கி வந்த சாமையை என்ன செய்வது? ஒரு டம்ளர் சாமையைக் கல் இல்லாமல் அரித்து, அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டரை டம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டு மிதமான தீயில் வேகவிடுங்கள். தண்ணீர் வற்றியதும் இறக்கிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடையல் போதும். நெய் வேண்டாம், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்ளுங்கள்!