தலைக்கு மேல் ஒரு கொக்கி

வள்ளியூரில் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் உண்டா? அங்குள்ள கல்லூரிகளின் பெயரை இங்கிலீஷில் எழுதச் சொல்லிப் பாருங்கள். 1878-ல் ஏற்பட்ட செயின்ட் ஜான்ஸ், 1923-ல் ஏற்பட்ட செயின்ட் சேவியர்ஸ் இரண்டிலும் கடைசி “ஸ்”ஸுக்கு முன்னால், தலைக்கு மேலே, ஒரு கொக்கி உண்டு. சாரா டக்கர் கல்லூரிக்கு அது கிடையாது. முன்னவை “ஜானுடைய”, “சேவியருடைய” கல்லூரிகள். பின்னது காந்தி மண்டபம் என்பது போல வெறும் பெயர்.

இந்தக் கொக்கிதான் அபாஸ்டிரபி. பழைய இங்கிலீஷில் உடைமையைக் காட்ட “எஸ்” என்றொரு விகுதி இருந்தது. நாளடைவில் அதன் முதல் எழுத்து தேய்ந்து போயிற்று. போனவர் இடத்தில் துண்டு போட்டு வைத்த மாதிரி இந்தக் கொக்கி!

வேடிக்கை இருக்கட்டும், விஷயம் சொத்து சம்பந்தப்பட்டது. அண்ணனுடைய நிலம், அண்ணன்மாருடைய நிலம் என்று தமிழில் சொன்னால் வித்தியாசம் காதிலேயே விழும். இங்கிலீஷில் இரண்டும் “பிரதர்ஸ் லாண்ட்”தான். எழுத்தில் “பிரதர்’ஸ்” என்றால் சொந்தக்காரர் ஒருவர். “பிரதர்ஸ்’ ” என்றால் பலர். வெளியூர்த் தம்பி வக்கீலுக்கு எழுதும் கடிதத்தில் கொக்கி இடம் மாறினால், மூன்று பேர் நிலம் ஒருவர் நிலமாகிவிடும்!

வழி சுலபம். முதலில் சொந்தக்காரரை முழுசாக எழுதுங்கள். அது “ஸ்”ஸில் முடியும் பன்மையானால் கொக்கி மட்டும் போதும். மற்றபடி கொக்கியும் “ஸ்”ஸும் வேண்டும். “சில்ட்ரன்” பன்மைதான்; ஆனால் “ஸ்” இல்லையே, ஆகவே “சில்ட்ரன்’ஸ்”. “அதனுடைய” என்று பொருள்படும் “இட்ஸ்”ஸுக்குக் கொக்கி கூடாது. போட்டால் “இட் இஸ்” என்பதன் சுருக்கமாகிவிடும். வெறும் பன்மைக்கும் வேண்டாம். ஹோட்டல் பலகையில் “தோசா’ஸ்” என்று கண்டால், தோசையினுடைய எது, சட்னியா சாம்பாரா என்றல்லவா கேட்கத் தோன்றும்?

வள்ளியூருக்குக் கிழக்கே இடையன்குடியில் 1841-ல் வந்து குடியேறிய கால்டுவெல், 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் நம் வேற்றுமைகளையும் ஆராய்ந்தார். அந்த ஆறாம் வேற்றுமையில் ஒரு சுவை உண்டு. நன்னூல்படி “எனது கை” சரி. கை இரண்டானால் “என கைகள்” என்றே சொல்ல வேண்டும். இன்று நாம் அதை விட்டுவிட்டோம்.

பார்த்தீர்களா? சொந்தக்காரர் எத்தனை பேர் என்று இங்கிலீஷ் எண்ணுகிறது. சொத்து எத்தனை என்று நன்னூலார் எண்ணினார்!