‘பசறைப் பக்கம்’

பதுளை - பசறை வீதியில் ஒரு தோட்டச் சந்தி. தேநீர்க் கடையின் வாங்குக்குக் கீழே காலை ஏழு மணிக்கு ஐந்தாறு சோடி செருப்புகள் கிடக்கும். எல்லாவற்றிலும் செம்மண். லயத்திலிருந்து இறங்கி வரும் பிள்ளைகள் அங்கே காலைக் கழுவி, பையில் கொண்டுவந்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் பஸ் ஏறுகிறார்கள். பின்னேரம் திரும்பி வந்து மாற்றிக்கொள்வார்கள். எந்தச் சோடி யாருடையது என்று கடைக்கார அண்ணனுக்குத் தெரியும். மழை வந்தால் உள்ளே எடுத்து வைப்பார்.

வங்கி, லீசிங் கம்பெனி, மருந்துக் கடை, பிரதேச செயலகம் என்று பதுளை டவுனில் இவர்கள் இல்லாத இடம் இப்போது குறைவு. வேலைத்தளத்தில் யாராவது “ஊர் எது?” என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: “பசறைப் பக்கம்.” இன்னும் துருவினால், “டவுனுக்குக் கிட்டத்தான்.” அப்புத்தளைப் பிள்ளைக்கு அப்புத்தளைப் பக்கம், பண்டாரவளைப் பிள்ளைக்குப் பண்டாரவளைப் பக்கம். தோட்டத்தின் பெயர் மட்டும் வாயில் வராது.

நாலெழுத்துப் படித்ததும் லயத்தை மறைக்கிறார்கள் என்று பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் பேசித் திரிந்தேன். என் நினைப்பை மாற்றியவன் லீசிங் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பி. உயர்தரம் முடித்தவன், முதலில் ஓர் அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறான். முகவரி என்ற இடத்தில் லய இலக்கம், பிரிவு, தோட்டம், பசறை என்று உள்ளதை உள்ளபடி எழுதினான். நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வந்தது, அங்கிருந்து வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு, பிறகு யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கைக்கு. அவன் பிரித்துப் பார்த்தபோது பரீட்சை முடிந்து இரண்டு நாள். அடுத்த விண்ணப்பத்தில் டவுனில் கடை வைத்திருக்கும் சித்தப்பாவின் முகவரியைப் போட்டான். இன்று அவனுடைய வங்கிக் கணக்கும் அந்தக் கடையில்தான் ‘வசிக்கிறது’. கடிதம் ஒழுங்காக வந்து சேரும் இடத்தைத்தானே ஊர் என்று சொல்ல முடியும்? “பசறைப் பக்கம்” என்பது அவன் பட்டறிந்து சொல்லும் பதில்.

பல தோட்டங்களில் இன்றும் தபால் தோட்டத்து ஆபிசோடு நின்றுவிடுகிறது. லயத்துக்கு வீதிப் பெயர் இல்லை. வீட்டு இலக்கம் தோட்டக் கணக்குக்கு உதவும், தபால்காரருக்கு உதவாது.

இந்தப் பிள்ளைகளின் தாத்தா காலத்தில் ஆபிஸ் என்றால் தோட்டத்து ஆபிஸ் மட்டும்தான். உள்ளே கிளாக்கர் ஐயா, வெளியே கூப்பிடும்வரை நிற்கிற சனம். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அந்தச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கும் பங்கு போட்டது. எஞ்சியவர்களின் கணக்கைத் தீர்க்க 1988 இலும் 2003 இலும் சட்டங்கள் வேண்டியிருந்தன. குடியுரிமை இல்லாதவருக்கு ஏது அரசாங்க உத்தியோகம்? பிரதேச செயலகத்தில் இன்று முகாமைத்துவ உதவியாளராக அமர்ந்திருக்கும் லயத்துப் பெண், பெரும்பாலும் தன் குடும்பத்தில் அரச நாற்காலியில் அமர்ந்த முதல் ஆள்.

தோட்டத்தின் பெயரைத் தலையில் சூடிக்கொண்ட ஒரு கணக்கரும் இதே மண்ணில் இருந்தார். ஹாலிஎலவுக்கு அருகே ஊவா கட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்த ஜோசப், வேலை பார்த்த தெளிவத்தைத் தோட்டத்தைப் பெயருக்கு முன்னால் வைத்துத் ‘தெளிவத்தை ஜோசப்’ ஆனார். பிறகு கொழும்பில் கம்பெனிக் கணக்குப் பார்த்துக்கொண்டே ‘காலங்கள் சாவதில்லை’ நாவலையும் எத்தனையோ சிறுகதைகளையும் எழுதினார். 2022 இல் மறையும்வரை அந்தப் பெயர்தான். எழுத்தாளருக்குத் தோட்டத்தின் பெயர் கிரீடம். வேலை தேடும் பிள்ளைக்கு அதே பெயர் பிந்தி வரும் கடிதம்.

சரி, காசுக்காகவா டவுன் வேலைக்கு இந்த ஓட்டம்? கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக அறிவிக்கப்பட்டது. இருபத்தைந்து நாள் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) விழுந்தால் 33,750. 2025 ஏப்ரிலில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ஆக இருந்தது. ஆக, அந்தக் கணக்குப்படி டவுனில் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கழுத்துப் பட்டி கட்டி நிற்கும் மகனைவிட மலையில் நிற்கும் அம்மா காகிதத்தில் கூடுதலாகச் சம்பாதிக்கிறாள். பஸ் காசையும் பகல் சோற்றையும் கழித்தால் மகனின் நிலை இன்னும் மோசம். ஆனால் அம்மாவுக்கு இருபத்தைந்து நாள் எங்கே கிடைக்கிறது? கொழுந்து குறைந்தால் அரைப்பேர், நிறுவையில் ஒரு பிடுங்கல், அட்டைக்கடி, வழுக்கு. மாதம் முடிந்தால் இவ்வளவு என்று தெரிந்த தொகையும் தலைக்கு மேலே கூரையும்தான் ஆபிஸ் வேலையின் கவர்ச்சி. கல்யாணச் சந்தையில் அதற்கு ஒரு மவுசும் உண்டு, அதை மறைப்பானேன்.

ஆனால் அந்தச் சம்பளத்துக்குள் அடங்காத ஒரு வேலையும் இவர்கள் தலையில் விழுகிறது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1999 இல் பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலிஎல உள்ளிட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் வந்தன. 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேர்பவர் ஐந்தாண்டுக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. 2012 கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கவுன்டரில் நடப்பது வேறு. தோட்டத்திலிருந்து வந்த மாமி ஒருத்தி பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் சேமலாப நிதிக் கடிதத்தையும் மேசையில் பரப்புகிறாள். மூன்றிலும் அவள் பெயர் மூன்று விதம்: மாரியாயி, மாரியம்மா, மாரியாய். தமிழ் தெரியாதவர் எழுதியதைச் சிங்களத்திலிருந்து இன்னொருவர் தமிழாக்கியதில் வந்த வினை. சேமலாப நிதிக் காசு அதனால் நிற்கிறது. உள்ளே குரல் கேட்கும்: “நங்கி, மேக்க பொட்டக் பலன்ன.” (தங்கச்சி, இதைக் கொஞ்சம் பாருங்கள்.) தன் மேசை வேலையைப் போட்டுவிட்டுத் தமிழ்ப் பெண் எழுந்து வருகிறாள். நாளில் எத்தனை தடவை என்று அவளே எண்ணுவதை விட்டுவிட்டாள். மொழிபெயர்ப்பாளர் என்ற பதவி அவளுக்கு இல்லை. அதற்கான படியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லயத்து இஸ்தோப்பில் அதே வேலை தொடர்கிறது. பக்கத்துக் காம்பரா அக்காவின் அஸ்வெசுமப் படிவம், தொங்கல் வீட்டுத் தாத்தாவின் சேமலாப நிதி மனு. மறுக்க முடியுமா? சிறு வயதில் அம்மா மலைக்குப் போனபோது சோறு போட்டவர்கள் அல்லவா?

இந்தப் பிள்ளைகளின் நல்ல மனதில்தான் பதுளையின் இருமொழிக் கொள்கை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மாதம் இவர்கள் கையைக் கட்டிக்கொண்டால் தெரியும்.

ஆபிஸ் கூட்டாளிகள் விடயத்தில் இந்தத் தலைமுறையினர் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். பகல் பார்சலைப் பிரித்தால் கருவாட்டுத் துண்டும் பொல் சம்பலும் இனம் பார்க்காமல் கை மாறுகின்றன. ‘மச்சாங்’ என்ற ஒரு சொல்லில் பாதி மாவட்டம் ஒன்றாகிவிடுகிறது. நான் சொன்ன தம்பி, வெலிமடையில் சிங்களச் சிநேகிதன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கி, பந்தலுக்குக் கம்பு நட்டுக் கொடுத்துவிட்டு வந்தவன். அந்தச் சிநேகிதன் இவன் வீட்டுக்கு வந்ததில்லை. கூப்பிடவில்லையா என்று கேட்டேன். “வந்தா எங்க அண்ணே படுக்கப் போடுறது?” என்றான். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, அப்பா, அம்மா, தங்கச்சி, கல்யாணம் முடித்த அண்ணன் குடும்பம். வெலிமடை நண்பனுக்கு இவன் ஊர் இன்றும் பசறைப் பக்கம்தான்.

2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபைகள் சேவை செய்யலாம். தோட்டம் கம்பெனியுடையது, நாங்கள் கை வைக்க முடியாது என்ற பழைய சாட்டு இனிச் செல்லாது. 2025 மே மாதம் வாக்குக் கேட்டு லயம் லயமாக ஏறி இறங்கிய பசறை, லுணுகலை, ஹாலிஎல பிரதேச சபை உறுப்பினர்களே, வீட்டுத் திட்டத்துக்குப் பெரிய பணம் வேண்டும் என்பீர்கள், அது வரட்டும். அதற்கு முன்னால் லயத்துப் பாதைகளுக்கு ஒரு பெயரும் ஒவ்வொரு கதவுக்கும் தபால்காரருக்கு உதவும் ஓர் இலக்கமும் எழுதுங்கள். அந்தப் பட்டியலைத் தபாலகத்துக்குக் கொடுத்து, தபால்காரரை ஆபிஸ் வாசலைத் தாண்டி ஏறி வரச் சொல்லுங்கள். அடுத்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சைக்கு முன்பே வந்து சேரட்டும்.