பிரதிவாதி வக்கீல்களும் ஒன்று சேரட்டும்



சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்தில் நம் மளிகைக் கடைக்காரர் ஒருவருக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. சரக்குப் போட்ட வெளியூர் மண்டி, பாக்கிக்காகத் தொடுத்த வழக்கு. "பாதிப் பணம் கட்டியாச்சு, ரசீது இருக்கு, நம்மை என்ன செய்துவிடுவார்கள்?" என்று அதைச் சிட்டை நோட்டுக்குள் மடித்து வைத்துவிட்டார். பிறகு ஒரு நாள் அமீனா வந்து நின்றார். கட்டிய பணத்தையும் சேர்த்து எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகியிருந்தது. ரசீது மட்டும் நோட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

வழக்கில் நம் பக்கம் நியாயம் இருந்தால் போதாது. நாள் கணக்கும் தெரிய வேண்டும். சிவில் வழக்கில் எதிர் வழக்குரை தாக்கல் செய்ய 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. 3 லட்சத்துக்குக் குறையாத வணிகத் தகராறு என்றால் 120 நாள் தாண்டியபின் வாங்கவே மாட்டார்கள் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோர் வழக்கில் 30 நாளும் மேற்கொண்டு 15 நாளும்தான். 2020-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடவும் 30 நாள்தான். உணவுப் பாதுகாப்பு அதிகாரி எடுத்த மாதிரி தேறவில்லை என்று ஆய்வறிக்கை வந்தால், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் 30 நாளே. நாம் பிரிக்காமல் விற்ற பாக்கெட்டாக இருக்கலாம். லேபிள் குற்றத்துக்கு 3 லட்சம் வரை அபராதம் என்பது சட்டத்தில் இருக்கிறது. மொத்த வியாபாரி பில்லில் உத்தரவாத வாசகம் இருந்ததா என்று அப்போதுதான் தேடுவோம்.

நம் ஊர் வக்கீல்கள் திறமைசாலிகள்தான். ஆனால் நம் மேல் வழக்குப் போடும் பெரிய கம்பெனியின் வக்கீல் அதே மாதிரி நூறு வழக்கு நடத்தியிருப்பார். நம் வக்கீலுக்கு அது முதல் வழக்காக இருக்கும். காலையில் பாகப்பிரிவினை, மாலையில் ஜீவனாம்சம், நடுவே நம் பாக்கெட் வழக்கு. விழுப்புரத்தில் ஒருவர் இதே வழக்கை நடத்தி ஜெயித்திருந்தாலும் திண்டிவனத்து வக்கீலுக்குத் தெரிய வழியில்லை.

அமெரிக்காவில் சிவில் வழக்குகளில் பிரதிவாதிக்காக ஆஜராகும் வக்கீல்கள் 1960-லேயே டி.ஆர்.ஐ. என்று சங்கம் கண்டார்கள். தங்களுக்குள் வகுப்பு நடத்துகிறார்கள், வழக்கு அனுபவங்களைப் பரிமாறிக்கொள்கிறார்கள். அங்கே அதனால் பெரிய கம்பெனிகளுக்கும் இன்சூரன்ஸ்காரர்களுக்கும்தான் அதிக லாபம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நமக்கு வேண்டியது முறை மட்டும், ஆள் வேறு. நம் பிரதிவாதி கல்லாவில் உட்காருகிற சின்ன வியாபாரி.

வக்கீல்களுக்குப் பார் அசோசியேஷன் இருக்கிறதே என்பார்கள். அது அனைவருக்கும் பொது. வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே கூரை. அதில் இருந்துகொண்டே, வியாபாரிகளின் எதிர்வழக்குகளை நடத்துகிற வக்கீல்கள் தனியே மாதம் ஒரு முறை கூடினால் யாரும் தடுக்கப் போவதில்லை. அதில் சேர்ந்ததால் வாதி வழக்கை எடுக்கக் கூடாது என்றும் இல்லை. ஒரு எச்சரிக்கை: பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் விளம்பரம் செய்தோ ஆள் வைத்தோ வழக்குப் பிடிக்கக் கூடாது. எனவே நம் சங்கம் "இவரிடமே போ" என்று கட்சிக்காரரை அனுப்பும் இடமாக மாறக் கூடாது. வக்கீலைத் தேர்ந்தெடுப்பது அவரவர் இஷ்டம்.

சங்கம் செய்ய வேண்டியது கூட இடம், தீர்ப்பு நகல் வைக்க ஒரு பீரோ, நகல் எடுக்கும் செலவு. மே 5 வணிகர் தினத்துக்குப் பந்தல் போடும் நமக்கு இது பெரிய செலவல்ல. செயற்குழு சம்மதித்தால் அடுத்த மாதக் கூட்டத்துக்கே வக்கீல்களை அழைக்கலாம். இதற்குள், முடிந்துபோன வழக்கின் தீர்ப்பு நகல் வீட்டுப் பரணில் கிடந்தால், தோற்ற வழக்கானாலும் சரி, ஒரு நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள்.