பண்டிகையும் பாட்டிலும்

தீபாவளி வருகின்றதென்றால் நமது நாட்டில் மூன்று கடைக்காரர்களுக்கு வேட்டை. ஒருவர் ஜவுளிக்கடைக்காரர், ஒருவர் பட்டாசுக் கடைக்காரர், மூன்றாவது சாராயக்கடை நடத்தும் சர்க்கார். முதலிரண்டைப் பற்றியும் நமது இயக்கத்தார் வேண்டியமட்டும் பேசியும் எழுதியும் இருக்கின்றார்கள். மூன்றாவதைப் பற்றி எழுத இப்போது ஒரு சந்தர்ப்பம் ஏற்பட்டிருக்கின்றது.

ரிஷிவந்தியம் பக்கத்து வாலிபத் தோழர்கள் சிலர் நம்மிடம் ஒரு ஏற்பாட்டைச் சொன்னார்கள். பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் சீட்டுப்போலப் பணம் போட்டு வருகின்றார்களாம். தீபாவளி லீவன்று ஐந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, தியாகதுருகத்தில் ஒரு கடை, உளுந்தூர்பேட்டையில் ஒரு கடை, விழுப்புரத்தில் ஒரு கடை என்று கடை கடையாய்க் குடித்துக்கொண்டே போய்ப் புதுச்சேரியில் முடிப்பதாம். "நாங்கள் எண்ணெய் தேய்த்து முழுகுவதில்லை, புரோகிதனைக் கூப்பிடுவதில்லை, நரகாசுரன் செத்ததற்கு விளக்கேற்றுவதில்லை. லீவு நாளில் சிநேகிதர்களோடு சந்தோஷமாய் இருக்கின்றோம். இதில் பகுத்தறிவுக்கு விரோதம் என்ன?" என்று கேட்கின்றார்கள்.

கேள்வி நியாயமானதே. ஆகையால் நியாயமாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம். குடித்தால் பாவம் என்றோ, நரகத்துக்குப் போவாய் என்றோ சொல்ல நாம் வரவில்லை. நரகமே இல்லையென்று சொல்லுகின்ற நாம் அதைக் காட்டி யாரையும் பயமுறுத்த முடியாது. சந்தோஷமாயிருப்பதும் குற்றமல்ல. ஆனால், ஒரு பண்டிகையைப் பார்த்து நாம் என்னென்ன கேள்வி கேட்கின்றோமோ, அதே கேள்விகளை இந்தக் குடிச்சுற்றைப் பார்த்தும் கேட்கவேண்டுமா இல்லையா?

முதலாவது, ஏன் இன்றைக்கு? பூமியைப் பாயாய்ச் சுருட்டினான் ஒருவன். அதை மீட்கப் பன்றியாய் வந்தார் கடவுள். பன்றிக்கும் பூமிக்கும் ஒரு பிள்ளை பிறந்தான். அந்தப் பிள்ளையைக் கொன்ற நாள் இது என்ற கதையை நாம் ஒப்புக்கொள்வதில்லை. கதையைத் தள்ளிவிட்டுத் தேதியை மாத்திரம் வைத்துக்கொண்டு, அந்தத் தேதியில் குடித்தே தீரவேண்டும் என்பது என்ன பகுத்தறிவு? ரிஷிவந்தியம் அர்த்தநாரீசுவரர் கோயிலில் லிங்கத்துக்குத் தேன் அபிஷேகம் செய்தால் அம்மன் உருவம் தெரியுமென்று சொல்லிக் கல்லின் தலையில் தேனைக் கொட்டுகின்றவனைப் பார்த்து நமது தோழர்கள் சிரிக்கின்றார்கள். சிரிக்கட்டும். "பண்டிகை வந்துவிட்டது, ஊற்று" என்று தன் வயிற்றில் கொட்டிக்கொள்ளுகின்றவனைப் பார்த்தும் கொஞ்சம் சிரிக்கவேண்டாமா?

இரண்டாவது, லாபம் யாருக்கு? டாஸ்மாக் என்பது 1983-ல் ஏற்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. 2023-24-ல் மது விற்பனையால் சர்க்காருக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்தப் பணம் பெரும்பாலும் எங்கிருந்து வருகின்றது? கரும்பு வெட்டுகின்றவனும், கல் உடைக்கின்றவனும், மூட்டை தூக்குகின்றவனும் கொண்டுவந்து கொட்டுகின்ற பணம்தான். கோயில் உண்டியலில் போட்டால் ஏமாளி, கல்லாவில் போட்டால் புத்திசாலி என்று எந்த நியாயத்தில் சொல்லுவது? திருவள்ளுவர் தினத்தன்று கடையை மூடி மரியாதை செய்கின்றார்கள். குடிப்பவனோ முதல் நாளே இரண்டு நாளைக்கு வாங்கி வைத்துவிடுகின்றான். கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே எழுதியவருக்கு நாம் காட்டும் மரியாதை இப்படி இருக்கின்றது!

மூன்றாவது, மறுக்க உரிமை உண்டா? இதுதான் முக்கியமான கேள்வி. அயர்லாந்தில் கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்கள் கூடி ஒரே இரவில் பன்னிரண்டு மதுக்கடைக்குப் போகின்ற வழக்கம் இருக்கின்றது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு விதி; விதியை மீறினவனுக்குத் தண்டனையாக இன்னும் ஒரு கிளாஸ். வெள்ளைக்காரன் செய்வதனாலேயே இது நாகரிகமாகிவிடாது. அங்கேயாவது கடைக்கும் கடைக்கும் நடந்துபோகின்றார்கள். நமது வாலிபர்களுக்குக் கடைக்கும் கடைக்கும் நடுவில் இருப்பது லாரி பறக்கும் சேலம் ரோடு. நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளை எடுக்கச் சொல்லி 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டதும் ரோட்டில் செத்தவர்களின் கணக்கைப் பார்த்துத்தான். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். நான்கு கடை ஏறி இறங்கினவனுக்கு எத்தனை மில்லிகிராம் இருக்குமென்று நாம் சொல்லவேண்டியதில்லை.

அங்கேயும் சரி, இங்கேயும் சரி, பத்துப் பேரில் ஒருவன் "எனக்குப் போதும்" என்றால் மற்ற ஒன்பது பேரும் அவனை என்ன சொல்லுகின்றார்கள்? "ஆம்பிளையா நீ?" என்கின்றார்கள். ஜாதிக் கட்டுப்பாடு என்பதும் இதுதானே, தோழர்களே! நாலு பேர் செய்வதை நீயும் செய், இல்லாவிட்டால் உன்னைத் தள்ளிவைப்போம் என்பதைத்தானே இத்தனை காலமாக எதிர்த்து வருகின்றோம்? ஊர்க் கட்டுப்பாட்டை உடைத்தவன் கிளாஸ் கட்டுப்பாட்டுக்குத் தலைகுனிவது சுயமரியாதை ஆகுமா?

"குடிக்கின்ற இடத்திலே ஜாதி இல்லை" என்று பெருமையாய்ச் சொல்லுகின்றவர்களும் உண்டு. பாரிலே ஒரே தட்டில் சுண்டல் எடுத்துத் தின்கின்றவர்கள், மறுநாள் காலையில் அந்தச் சேரித் தோழனை வீட்டுக்குள் அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுகின்றார்களா என்றுதான் நாம் கேட்கின்றோம். போதையில் ஒழிந்து, தெளிந்தவுடன் திரும்பி வருகின்ற ஜாதி ஒழிந்த ஜாதியாகுமா?

நிற்க. "அப்படியானால் மதுவிலக்குச் சட்டம் வேண்டுமென்கின்றீர்களா?" என்று கேட்கலாம். பெரியார் 1921-ல் தமது தாத்தம்பட்டித் தோப்பில் 500-க்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டச் செய்தார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் ஈரோட்டில் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். அதே பெரியார் பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தைக் கண்டிக்கவும் செய்தார். தானே விடுவது வேறு, போலீஸ்காரன் தடுப்பது வேறு. நமது மாகாணத்தில் 1937-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1971-ல் நீங்கிற்று. குஜராத்திலும் பீகாரிலும் சட்டம் இருக்கும்போதே 2022-ல் விஷச் சாராயத்தால் கும்பல் கும்பலாய் ஜனங்கள் செத்தார்கள்.

ஆனால் கடை திறந்திருந்தால் விஷம் வராது என்பதும் பொய். நமது கள்ளக்குறிச்சியில் கடைகள் திறந்துதானே இருந்தன? 2024 ஜூன் மாதத்தில் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்களே! அவர்களில் பெண்களும் உண்டு. அதற்கு முந்திய ஆண்டு மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு ஜில்லாவிலும் இருபது பேருக்கு மேல் போனார்கள். கடைச் சரக்கு வாங்கக் காசில்லாதவனுக்கு மலிவாய்க் கிடைத்தது மெத்தனால். வாசனையாலோ ருசியாலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் போய்ப் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைக் கெடுத்து உயிரை வாங்கும். குடித்தவுடன் தெரியாது, அரை நாள், ஒரு நாள் கழித்தும் வயிற்றுவலியும் கண் மங்கலும் வரும். வந்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று மருந்து உண்டு. குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தால் சாவுதான். செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று சர்க்கார் அறிவித்தது. பணம் வந்தாலும் கண் வருமா? ஆள் வருவானா?

ஆகவே, நமது தோழர்களுக்கு நாம் சொல்லுவது இவ்வளவுதான். சீட்டுப் பணத்தில் முதல் பங்கு வீட்டுக்குப் போகட்டும். பண்டிகை லீவு என்பது ஆண்களுக்கு மாத்திரமா? அன்றைக்குத்தான் நமது பெண்கள் விடியுமுன் எழுந்து பலகாரம் சுட்டு, இரவில் தள்ளாடி வருகின்றவனுக்காகக் கதவருகில் உட்கார்ந்திருக்கின்றார்கள். அவர்களுக்கு லீவு எப்போது? குடித்தே தீருவேன் என்கின்றவன், "போதும்" என்கின்றவனை இழுக்காமலிருக்கட்டும். வண்டிச் சாவியைத் தொடாமலிருக்கட்டும். லேபில் இல்லாத பாட்டிலையும் பாக்கெட்டையும் கையாலும் தொடாமலிருக்கட்டும்.

இதைவிட நல்ல யோசனையும் ஒன்று உண்டு. கல்வராயன் மலையில் பெரியார் நீர்வீழ்ச்சி என்று ஓர் அருவி இருக்கின்றது. மலையடிவாரத்தில் கோமுகி அணை இருக்கின்றது. அந்த ஐந்து மோட்டார் சைக்கிளுக்குப் போடுகின்ற பெட்ரோலையும் பாட்டிலுக்குக் கொடுக்கின்ற பணத்தையும் சேர்த்தால் ஒரு வேனே பிடிக்கலாம். மனைவி, அக்கா, தங்கை, பிள்ளைகள், சேரித் தோழரின் குடும்பம் எல்லோரும் ஒரே வேனில் ஏறி, ஒரே பாத்திரத்துச் சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்டுவிட்டு, தெளிந்த புத்தியோடு சாயங்காலம் வீடு திரும்பட்டும். பஞ்சாங்கம் சொல்லுகின்ற நாளுக்குக் காத்திருக்கவேண்டியதுமில்லை.

அப்படி ஒரு நாள் போய்வந்துவிட்டு, எந்தச் சந்தோஷம் பெரிது என்று அந்தப் பத்துத் தோழர்களே யோசித்துப் பார்க்கட்டும். அவர்களுடைய வீட்டுப் பெண்களையும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டும் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.