கர்ணத்தின் கணக்கும் பஞ்சமி நிலமும்

நிலவரி வசூலித்த கிராம நிர்வாகமே நிலம் யாருடையது என்பதையும் எழுதி வைத்தது. பஞ்சமி நில மீட்புக்காக வழக்காடும் நாம் அதன் வரலாற்றை அறிந்திருக்க வேண்டியது அதனால்தான்.

சென்னையில் வருவாய் வாரியம் 1786-ல் அமைக்கப்பட்டது. ரயத்துவாரி முறையில் வரி தண்டும் பொறுப்பு கிராம முன்சீபிடமும், கணக்கெழுதும் பொறுப்பு கர்ணத்திடமும் இருந்தன. இரண்டும் பெரும்பாலும் ஆதிக்கச் சாதிக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தாயின. தண்டோரா போடவும், ஏவல் வேலை செய்யவும், சுடுகாட்டைக் காக்கவும் வெட்டியான் பணி நம்மவர் தலையில் கட்டப்பட்டது. ஒரே நிர்வாகத்தில் எழுதுகோல் ஒரு சாதிக்கும் ஏவல் இன்னொரு சாதிக்கும் பிறப்பால் வந்தன. வரிக்காக மக்கள் சித்திரவதை செய்யப்பட்டதை, அரசே அமைத்த விசாரணை ஆணையம் 1855-ல் உறுதி செய்தது.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-ல் அளித்த அறிக்கை, மிராசுதார்களின் முன்னுரிமையால் தரிசு நிலம்கூட ஒடுக்கப்பட்டோருக்கு எட்டாமல் போனதைக் காட்டியது. அதன் விளைவே 1892-ன் பஞ்சமி நில அரசாணை. முதல் பத்தாண்டுகள் அந்நிலத்தை விற்கக்கூடாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. ஆனால் அந்நிபந்தனையைக் கணக்கில் காக்க வேண்டிய இடத்தில் அதே கர்ணமே அமர்ந்திருந்தார்.

1895-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் கிராமப் பதவிகளின் வாரிசுரிமைக்குக் காப்பளித்தது. வம்சாவளி அடிப்படையில் அரசுப் பணி வழங்குவது அரசமைப்பின் 16-ஆம் பிரிவுக்கு முரணானது என்று தசரத ராமராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 1968-ல் பரம்பரை உரிமை சட்டப்படி ஒழிந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளையே நீக்கியது. அதை எதிர்த்த வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் பதவி அவ்விடத்திற்கு வந்தது. அந்நாற்காலியில் இன்று நம் பிள்ளைகளும் அமர்கின்றனர். இது சிறிய வெற்றியன்று.

ஆயினும் பதவி ஒழிந்ததே தவிர, அப்பதவி எழுதிய கணக்கு ஒழியவில்லை. 1979-ல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் பழைய பதிவுகளைப் புதுப்பித்தபோது, அனுபவத்தில் இருந்தவர் பெயரே பல இடங்களில் பட்டாவில் ஏறியது. அந்தப் பட்டாவே இன்று கணினியில் தெரிகிறது. பிழை கணினிக்குள் புகுந்தால் உண்மையாகிவிடாது.

எனவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் கிராமத்தின் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் இன்றைய 'அ' பதிவேட்டையும் கேட்டுப் பெறுங்கள். புல எண் வாரியாக ஒப்பிடுங்கள். டி.சி. நிலம் என்ற குறிப்பு எங்கே மறைந்தது என்று காட்டும் ஒரு தாள், நீதிமன்றத்தில் நூறு முழக்கங்களைவிட வலிமையானது.